முகவரி எங்கே, வரி அங்கே: மோட்டார் வாகன வரியின் நியாயமும் வசூலும்

1. கேள்வி

தமிழ்நாட்டில் ஒருவர் 95,000 ரூபாய்க்கு ஸ்கூட்டர் வாங்கினால், வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டும் முன்பே 9,500 ரூபாய் ஆயுட்கால வரி கட்டிவிடுகிறார். கட்டாமல் தப்ப வழியில்லை. வரி கட்டியது கணினியில் ஏறினால்தான் பதிவெண் கிடைக்கும். பதிவெண் கிடைத்தால்தான் வண்டியைத் தெருவில் ஓட்டலாம். இதற்கு மறுபக்கமாக, 2017இல் கேரளத்தில் வெடித்த ஒரு விவகாரத்தை நினைவுகூரலாம். கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஓடிக்கொண்டிருந்த சொகுசு கார்கள் பல, புதுச்சேரி முகவரியில் பதிவாகியிருந்தன. அப்போது வெளிவந்த கணக்குப்படி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஒரு காருக்குக் கேரளத்தில் ஏறக்குறைய 20 லட்ச ரூபாய் வரி. புதுச்சேரியிலோ 2 லட்சத்துக்கும் குறைவு. அந்த இடைவெளியைத் தாண்ட உரிமையாளர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வாடகை ஒப்பந்தத் தாள்தான்.

ஒரே வகை வரி, ஒருவரிடம் இவ்வளவு இறுக்கமாகவும் இன்னொருவரிடம் இவ்வளவு தளர்வாகவும் இருப்பது ஏன்? வழக்கமாகச் சொல்லப்படும் விடை, பணக்காரர்களின் பேராசையும் அலுவலர்களின் கையூட்டும் என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விடை நம்மைத் தனிமனித ஒழுக்கத்தோடு நிறுத்திவிடுகிறது. ஏய்ப்புக்கான வழி வரியின் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். மூன்று கூறுகள் சேர்ந்து அந்த வழியைத் திறந்துவைக்கின்றன: வரியை மொத்தமாக ஒரே தடவையில் வாங்குவது, வண்டியின் விலையை வைத்து வாங்குவது, எந்த மாநிலத்தில் பதிவு செய்தாலும் நாடு முழுவதும் செல்லும் என்று விட்டது. இவற்றைத் தொடாமல் எத்தனை சோதனைச் சாவடி போட்டாலும் பிடிபடுவோர் சிறிய ஆட்களாகவே இருப்பார்கள்.

2. எதற்காக இந்த வரி?

வரியின் நியாயத்தைப் பேசுமுன் அது எதற்கான வரி என்பதைத் தீர்மானிக்க வேண்டும். சாலையைப் பயன்படுத்துவதற்கான விலையா? அல்லது சொத்து உடையவரிடமிருந்து பொதுக் கருவூலத்துக்கு வாங்கும் பங்கா? இந்தியச் சட்ட வரலாறு இரண்டுக்கும் இடையே மாறி மாறி நின்றிருக்கிறது.

சாலைக்கும் வரிக்கும் உள்ள முடிச்சு பழையது. மு.ரா. ஜெயகர் தலைமையில் 1927இல் அமைந்த இந்தியச் சாலை மேம்பாட்டுக் குழு, பெட்ரோல் மீது கூடுதல் வரி போட்டு அதைச் சாலைக்கென ஒதுக்கச் சொன்னது. அதன் விளைவாக 1929இல் மத்திய சாலை நிதி பிறந்தது. சென்னை மாகாணத்தில் 1931ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் அங்கங்கே தடுப்புப் போட்டு வாங்கிவந்த சுங்கத்தை நிறுத்தி, அந்த இழப்பை வாகன வரியிலிருந்து ஈடுகட்டுவது என்ற ஏற்பாடு அதற்குள் இருந்தது. அன்றைய வண்டிக்காரருக்குச் சொல்லப்பட்ட ஒப்பந்தம் தெளிவானது: வரியைக் கட்டு, வழியில் யாரும் நிறுத்த மாட்டார்கள். இன்று உளுந்தூர்ப்பேட்டையிலோ கப்பலூரிலோ சுங்கச் சாவடியில் நிற்பவர் ஆயுட்கால வரியும் கட்டியிருக்கிறார், எரிபொருள் மீதான சாலை மேல்வரியும் கட்டியிருக்கிறார், சுங்கமும் கட்டுகிறார். 1931இன் ஒப்பந்தத்தில் மக்கள் தரப்புக் கடமை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. மாநிலங்களுக்கிடையே வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 301ஆம் பிரிவு. ராஜஸ்தான் அரசு விதித்த வாகன வரி அதற்குத் தடை என்று அஜ்மீர்ப் பக்கத்துப் போக்குவரத்து நிறுவனங்கள் வழக்காடின. 1962இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில், அந்த வரியைச் செல்லும் என்றது. காரணம்: அரசு சாலை போட்டுத் தருகிறது, அதைப் பயன்படுத்துவோர் கட்டுவது பயனுக்கு ஈடான வரி, அது வணிகத்துக்குத் துணையே தவிரத் தடையல்ல. இந்தக் கோட்பாடு வாகன உரிமையாளர்களுக்கும் ஓரளவு கைகொடுத்தது. 1974இல் ஒடிசாவின் பொலானி சுரங்க வழக்கில், சுரங்க வளாகத்துக்குள்ளேயே ஓடும் கனரக வண்டிகள் பொதுச் சாலையைத் தொடாதபோது சாலைக்கான வரியைக் கேட்பது எப்படி என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றது.

2016 நவம்பரில் அடித்தளம் ஆட்டம் கண்டது. ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 7-2 என்ற பெரும்பான்மையில், பயனுக்கு ஈடான வரி என்ற கோட்பாட்டுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தள்ளிவிட்டது. அந்த வழக்கு நுழைவு வரி பற்றியது. ஆனால் தர்க்கம் எல்லா வரிக்கும் பொருந்தும். வரி என்பது வரிதான். பதிலுக்கு இன்ன சேவை தர வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. ஆயினும் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, விசாகப்பட்டினம் உருக்காலையின் மதில் சூழ்ந்த வளாகத்துக்குள் மட்டும் ஓடிய 36 வண்டிகளுக்கு வாங்கிய வரியைத் திருப்பித் தரவேண்டும் என்ற தனி நீதிபதியின் முடிவை மீண்டும் நிலைநாட்டியபோது, மோட்டார் வாகன வரி பயனுக்கு ஈடானது என்ற பழைய மொழியையே மீண்டும் கையாண்டது. ஆந்திரச் சட்டம் பொது இடத்தில் ஓடும் வண்டி என்று வரையறுத்திருப்பதால் அந்த முடிவு சரியானதே. ஆனால் கோட்பாட்டுக் குழப்பம் தீரவில்லை.

இந்தக் குழப்பத்தில் ஆதாயம் அரசுக்கு. வரியை உயர்த்தும்போது அது வசதி படைத்தோரிடம் வாங்கும் பங்கு என்கிறது. சாலை பெயர்ந்து கிடக்கிறதே என்று கேட்டால், வரிக்கும் இந்தச் சாலைக்கும் நேரடித் தொடர்பில்லை, எல்லாம் பொது நிதி என்கிறது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. இரண்டில் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இன்றைய வரி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்.

3. முதல் அளவுகோல்: சாலையைத் தேய்ப்பவர் யார்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரும் சோதனை நடந்தது. பல வகைத் தளங்கள் போட்டு, ராணுவ ஓட்டுநர்களைக் கொண்டு லாரிகளை ஓயாமல் ஓட்டி, சாலை எப்படிச் சிதைகிறது என்று அளந்தார்கள். அதிலிருந்து கிடைத்த தோராய விதி உலகெங்கும் பொறியாளர்கள் பயன்படுத்துவது: சாலைக்கு வரும் சேதம், அச்சு ஒன்றின் மேல் ஏறும் எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளரும். எடை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு.

ஒரு சிறிய காரின் அச்சில் அரை டன் என்றும், நிறைய ஏற்றிய லாரியின் பின் அச்சில் 10 டன் என்றும் வைத்துக்கொண்டால், அந்த லாரி அச்சு ஒருமுறை போவது காரின் அச்சு 1,60,000 முறை போவதற்குச் சமம். இருவர் ஏறிய ஸ்கூட்டருக்கு இதே கணக்கைப் போட்டால் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டும். அந்த அளவில் விதி துல்லியமாக நிற்காது என்றாலும், ஸ்கூட்டரால் சாலை தேய்வதில்லை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

சரக்கு வண்டிகளுக்குத் தமிழ்நாட்டில் சுமை எடையை வைத்துக் காலாண்டுக்கு ஒருமுறை வரி. எடை ஏறினால் வரியும் ஏறும். ஆனால் ஏறக்குறைய எடையின் வேகத்திலேயே ஏறும், சேதத்தின் வேகத்தில் அல்ல. மேலும் அச்சுக் கணக்கு அதில் இல்லை. ஒரே எடையை இரண்டு அச்சில் சுமக்கும் லாரியும் மூன்று அச்சில் சுமக்கும் லாரியும் சாலைக்கு ஒன்றல்ல. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. சுமை 13 விழுக்காடு கூடியதற்குச் சேதம் சுமார் 60 விழுக்காடு கூடும். அதே சரக்குக்கு லாரி நடைகள் சற்றுக் குறையும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் சாலைக்கு நட்டமே. இதற்கு மேல் அளவு மீறிய பாரம் வேறு. 2019 திருத்தத்துக்குப் பின் அதற்கு அபராதம் 20,000 ரூபாய், மிகுதியாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாக 2,000 ரூபாய். சட்டம் கடுமைதான். ஆனால் எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர் லாரிகள் குவாரியிலிருந்து எப்படி வருகின்றன என்பதை அந்தச் சாலையோர ஊர்க்காரர் எவரும் சொல்வார்.

லாரி மீது வரியை நான்கு மடங்கு ஏற்று என்று நான் சொல்லவில்லை. அரிசி விலையும் செங்கல் விலையும் லாரி வாடகையில் அடங்கியிருக்கின்றன. அந்தச் சுமை கடைசியில் வாங்குபவர் தலையில் இறங்கும். நெரிசல், நிறுத்துமிடம், புகை, விபத்து என்று கார்கள் ஊர் மேல் சுமத்தும் செலவுகள் அச்சு எடைக் கணக்கில் வராதவை. நகரத் தெருவில் அவையே பெரியவை. ஆனாலும் ஒன்று உறுதிப்படுகிறது: சாலையைப் பயன்படுத்துவதற்கான விலை என்ற நியாயத்தை வைத்துக்கொண்டு இரு சக்கர வாகனத்திடம் பத்து விழுக்காடு கேட்க முடியாது. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டுபவரும் 50,000 கிலோமீட்டர் ஓட்டுபவரும் ஒரே தொகை கட்டும் ஆயுட்கால வரிக்கும் அந்த நியாயம் பொருந்தாது. ஓட்டத்துக்கு ஏற்ப வாங்கும் வரி ஏற்கெனவே பெட்ரோல், டீசல் மேல் இருக்கிறது.

4. இரண்டாம் அளவுகோல்: கட்ட வல்லவர் யார்?

ஆகவே ஆயுட்கால வரியைத் தாங்க வேண்டிய நியாயம் இரண்டாவதுதான்: வசதிக்கு ஏற்ற பங்கு. 2023 நவம்பர் 9 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த விகிதங்கள் அந்த நோக்கத்தோடு அமைந்தவையே. கார்களில் 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. முன்பு 10 லட்சம் வரை 10 விழுக்காடு, அதற்கு மேல் 15 என்றிருந்தது. விலை உயர உயர விகிதமும் உயர்வதை நான் வரவேற்கிறேன். 25 லட்ச ரூபாய்க் காருக்கு 5 லட்சம் கேட்பது கொள்ளை என்று எழுந்த கூக்குரலில் எனக்கு உடன்பாடில்லை.

உறுத்துவது கீழ்த்தட்டு. இரு சக்கர வாகனங்களுக்கு 8 விழுக்காடாக இருந்தது, ஒரு லட்சம் வரை 10 ஆகவும் அதற்கு மேல் 12 ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இரு சக்கர வாகனங்கள். பேருந்து வராத ஊரிலிருந்து மில்லுக்குப் போகிறவர், வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டுபோகிறவர், பால் கேன் கட்டுகிறவர், தையல் வேலைக்குப் போகும் பெண் என்று இவர்களுக்கு வண்டி என்பது சம்பாதிக்கும் கருவி.

ஷோரூமில் கொடுக்கும் விலைத் தாளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். மேலே வண்டி விலை. அதற்குள்ளேயே சரக்கு சேவை வரி அடங்கியிருக்கும். அடுத்த வரியில் லைஃப் டாக்ஸ். அடுத்து பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட். அதற்கடுத்து இன்ஷூரன்ஸ்: 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டு, புதிய இரு சக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். கடைசியில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகை. எதற்கென்று கேட்பவர் குறைவு. எல்லாம் கூட்டிய ஆன்ரோடு விலைக்குத்தான் ஃபைனான்ஸ்காரர் தவணை போடுகிறார். அதாவது பதினைந்து ஆண்டுக்கான வரியை முதல் நாளே கட்ட வேண்டியிருப்பதால், கையில் காசில்லாதவர் வரிக்கும் சேர்த்து வட்டி கட்டுகிறார். ரொக்கம் கொடுத்துக் கார் வாங்குபவருக்கு இந்தச் சுமை கிடையாது. விகிதப் பட்டியலில் தெரியாத ஏற்றத்தாழ்வு இது.

லாரி உரிமையாளர் காலாண்டுக்கு ஒருமுறை கட்டலாம். ஸ்கூட்டர்காரர் ஏன் ஆயுளுக்கும் ஒரே நாளில்? நிர்வாகத்தின் பதில் நேர்மையானதுதான்: கோடிக்கணக்கான சிறு வண்டிகளிடம் ஆண்டுதோறும் சிறு தொகை வசூலிப்பது முடியாத காரியமாக இருந்தது, பாக்கி பெருகியது, அலுவலகங்களில் கூட்டம் தாங்கவில்லை. காகிதப் பேரேடு இருந்த காலத்தில் அது சரியான தீர்வு. ஆனால் இன்று ‘வாகன்’ என்ற மத்திய வாகனப் பதிவுத் தரவுத்தளத்தில் நாட்டின் பெரும்பாலான வண்டிகள் ஏறிவிட்டன. அபராதமே கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. வரியை மட்டும் மொத்தமாக வாங்க வேண்டிய கட்டாயம் நீங்கிவிட்டது.

மின் வாகனங்களுக்குத் தந்த விலக்கு இந்த அளவுகோலில் இன்னும் மோசமாகத் தோற்கிறது. 2023 கொள்கையின்படி தமிழ்நாடு மின் வண்டிகளுக்கு முழு வரிவிலக்கு அளித்தது. மின் ஸ்கூட்டர்களுக்கும் மின் ஆட்டோக்களுக்கும் அது தேவையான ஊக்கம். ஆனால் விலைக்கு மேல்வரம்பு வைக்கவில்லை. கோடி ரூபாய் மின் கார் ஒரு ரூபாய் வரியின்றிப் பதிவாகும்போது, அதே அலுவலகத்தில் பழைய பாணிப் பெட்ரோல் மொபெட் வாங்கிய காய்கறி வியாபாரி பத்து விழுக்காடு கட்டினார். கர்நாடகம் 2024இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின் கார்களுக்கு 10 விழுக்காடு விதித்தது. சுற்றுச்சூழல் நோக்கம் கெடாமலே செய்யக்கூடிய திருத்தம் அது.

5. முகவரி வாங்கும் வசதி

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 40ஆம் பிரிவு, உரிமையாளர் குடியிருக்கும் இடத்தில் அல்லது வண்டி வழக்கமாக நிற்கும் தொழிலிடத்தில் பதிவு செய்யச் சொல்கிறது. 46ஆம் பிரிவு, ஓரிடத்துப் பதிவு நாடெங்கும் செல்லும் என்கிறது. 47ஆம் பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்கச் சொல்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஏய்ப்புக்கான வழி புரியும். குடியிருப்பைக் காட்ட ஒரு தாள் போதும். அந்தத் தாள் கிடைத்துவிட்டால் வண்டி எங்கும் ஓடலாம். 12 மாதம் எங்கே நின்றது என்பதை நிரூபிப்பது பிடிக்கும் அதிகாரியின் பாடு.

புதுச்சேரி இதற்கு வசதியாக அமைந்தது தற்செயலல்ல. பிரெஞ்சு ஆட்சியின் மிச்சமான அந்த ஒன்றியப் பிரதேசம் நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது: புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக்குள், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். உண்மையிலேயே அங்கே வீடும் உறவும் தொழிலும் உள்ள தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். எல்லையைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். அந்த நிஜக் குடித்தனங்களின் கூட்டத்துக்குள் பொய்க் குடித்தனங்கள் எளிதில் ஒளிந்துகொண்டன. கேரளத்து விசாரணையில் நடிகர்கள், தொழிலதிபர்கள், அரசியல்வாதிகள் பெயரெல்லாம் அடிபட்டன. ஒரே வீட்டு முகவரியில் பல சொகுசு கார்கள் பதிவாகியிருந்த செய்திகள் வந்தன. சிலர் நோட்டீஸ் வந்ததும் கேரளத்து வரியைக் கட்டிவிட்டார்கள், சிலர் வழக்காடினார்கள்.

ஆம்னி பேருந்துகளின் கதை வேறு வகை. சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இரவில் கிளம்பும் பேருந்துகளில் நாகாலாந்து, அருணாசலப் பிரதேசப் பதிவெண்களைப் பார்த்து வியக்காத பயணி இருக்க முடியாது. தமிழ்நாட்டில் இருக்கைக்கு இவ்வளவு என்று காலாண்டு வரி. வடகிழக்கில் அது மிகக் குறைவு. அங்கே பதிவு செய்து, மத்திய அரசின் அகில இந்தியச் சுற்றுலா அனுமதியை எடுத்துவிட்டால் மாநில எல்லைகளில் நிற்க வேண்டியதில்லை. சுற்றுலாவுக்கென்று தந்த அனுமதியில் ஊர் ஊராகத் தனித்தனி டிக்கெட் ஏற்றினால் அது சுற்றுலா அல்ல என்பது மாநில அரசின் வாதம். 2024 ஜூனில் தமிழ்நாடு போக்குவரத்துத் துறை, இங்கே மறுபதிவு செய்யாத வெளிமாநிலப் பேருந்துகளை ஓடவிட மாட்டோம் என்று அறிவித்தபோது, முன்பதிவு செய்திருந்த பயணிகள் தவித்தார்கள். உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். உரிமையாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: மத்திய விதி அனுமதித்ததைத்தான் செய்தோம் என்கிறார்கள். சட்டம் திறந்துவைத்த வாசலில் நுழைந்தவரை முழுக்கக் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் அந்த வாசல் நூறு பேருந்து வைத்திருப்பவருக்குத் திறப்பது. ஒரு ஆட்டோ வைத்திருப்பவருக்கு அல்ல.

6. நிறுத்திப் பிடிக்கும் சட்டம்

ஏய்ப்பு நடப்பது பதிவு அலுவலகத்தின் மேசையில். தேடல் நடப்பது நடுச்சாலையில். அமலாக்கத்தின் அடிப்படைக் கோளாறு இதுவே. ஓசூரிலும் வாளையாறிலும் நிறுத்தப்படுவது பெரும்பாலும் வாடகைக் காரும் சரக்கு வண்டியும். எல்லை தாண்டும் டாக்சி ஓட்டுநர் தற்காலிக வரி கட்டிய ரசீதைக் கையில் வைத்திருந்தும் ‘மாமூல்’ கேட்கப்படுவது புதிய குற்றச்சாட்டு அல்ல. போக்குவரத்துச் சோதனைச் சாவடிகளில் லஞ்ச ஒழிப்புத் துறை கணக்கில் வராத பணத்தைக் கைப்பற்றும் செய்தியும் ஆண்டுதோறும் வருகிறது. 2017இல் சரக்கு சேவை வரி வந்ததோடு வணிகவரிச் சாவடிகள் போயின. போக்குவரத்துச் சாவடிகள் நீடித்தன.

சொந்த வண்டிக்காரர்களில் பிடிபடுவோர் யார் என்பதற்குப் பெங்களூரு நல்ல சாட்சி. வெளிமாநிலப் பதிவெண்களைக் குறிவைத்து அங்கே பல தடவை சோதனை நடந்திருக்கிறது. 2014இல் கர்நாடகம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது: 30 நாளுக்கு மேல் தங்கிய வெளிமாநில வண்டி ஆயுட்கால வரி கட்ட வேண்டும். மத்திய சட்டம் 12 மாதம் தரும்போது மாநிலம் 30 நாளில் வரி கேட்க முடியாது என்பதே எதிர்த்தவர்களின் வாதம். உயர் நீதிமன்றம் பின்னர் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. அதற்குள் டி.என். எண்ணோடு வேலைக்குப் போன இளைஞர்கள் எத்தனையோ பேர் சாலையோரத்தில் ஆர்.சி.யைப் பறிகொடுத்துவிட்டு நின்றார்கள். அவர்கள் ஏமாற்றியவர்கள் அல்லர். சேலத்திலோ மதுரையிலோ முழு வரி கட்டியவர்கள்.

அவர்கள் ஒழுங்காக மாற்றிக்கொள்ள முனைந்தால் என்ன ஆகும்? பதிவு செய்த ஊரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். தவணை பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். காவல்துறைப் பதிவில் வண்டி மேல் வழக்கில்லை என்று தெரிய வேண்டும். புதிய மாநிலத்தில் வரியை முதலில் கட்டி எண் வாங்க வேண்டும். அதன் பிறகே பழைய மாநிலத்தில் மிச்ச ஆண்டுகளுக்கான வரியைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். இடைப்பட்ட காலத்தில் ஒரே வண்டிக்கு இரு அரசுகளின் கருவூலத்திலும் அவர் பணம் கிடக்கும். இரண்டு மூன்று நாள் கூலியை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்து அலைய முடியாதவர் திரும்பப் பெறும் தொகையைக் கைவிடுகிறார், அல்லது புரோக்கரிடம் பாதியைக் கொடுக்கிறார். அரசுக்குச் சேர வேண்டியதைத் தவறாமல் வாங்கும் அதே கணினி, குடிமகனுக்குச் சேர வேண்டியதைத் தானாகத் திருப்பித் தருவதில்லை. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. வரிக்கு மக்கள் மனமொப்புவது இப்படிப்பட்ட இடங்களில்தான் உடைகிறது.

7. ஒரே விகிதமா, கீழ்வரம்பா?

இந்தச் சிக்கலை டெல்லி அறியாமலில்லை. ராஜஸ்தான் போக்குவரத்து அமைச்சராக இருந்த யூனுஸ் கான் தலைமையில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர்கள் குழு, 2018இல் நாடு முழுவதும் ஒரே விகிதத்தைப் பரிந்துரைத்தது: 10 லட்சம் வரை 8 விழுக்காடு, 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12. மாநிலங்கள் ஏற்கவில்லை. ஆனால் அதே விகிதங்கள் 2021 செப்டம்பர் 15 முதல் பி.எச். வரிசைப் பதிவெண் வழியாக உள்ளே வந்தன. அதில் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரி. மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. தகுதி யாருக்கு? ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியர். திருப்பூரிலிருந்து லூதியானாவுக்குப் போகும் பின்னலாடைத் தொழிலாளிக்கும், பெங்களூருவில் இடியாப்பக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் இல்லை. தவணை முறையில் கட்டும் வசதியும் குறைந்த விகிதமும் அதிகம் தேவைப்படாதவர்களுக்கே அவை கிடைத்தன.

ஒரே விகிதம் என்ற யோசனைக்கு மாநிலங்கள் காட்டும் எதிர்ப்பில் வலுவான காரணம் இருக்கிறது. சரக்கு சேவை வரிக்குப் பின் மாநிலங்கள் தாமாக விகிதம் வைக்கக்கூடிய வரிகள் விரல்விட்டு எண்ணும் அளவே: மது, பெட்ரோல் டீசல், பத்திரப் பதிவு, மின்சார வரி, வாகன வரி. மிச்சமிருப்பதில் ஒன்றையும் டெல்லியிடம் கொடு என்றால் தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும் ஏன் கொடுக்க வேண்டும்? தங்கள் மேல்தட்டு விகிதம் 18, 20 என்றிருக்க, 12க்கு இறங்குவது சொகுசு கார் வாங்குவோருக்கு அரசு தரும் பரிசாகவே முடியும்.

ஆனால் ஒரே விகிதத்துக்கும் இன்றைய நிலைக்கும் நடுவே ஒரு வழி சாசனத்திலேயே இருக்கிறது. ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57ஆம் இனம் வாகன வரியை மாநிலத்துக்குத் தருகிறது. ஆனால் பொதுப் பட்டியலின் 35ஆம் இனத்துக்கு உட்பட்டே தருகிறது. அந்த இனம், வாகனங்கள் மீது வரி விதிப்பதற்கான கொள்கைகளை நாடாளுமன்றம் வகுக்கலாம் என்கிறது. விகிதத்தை அல்ல, கொள்கையை. நாடாளுமன்றம் வகுக்க வேண்டிய கொள்கை ஒன்றுதான்: குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட சொந்தக் கார்களுக்கும், குறிப்பிட்ட இருக்கைக்கு மேற்பட்ட பேருந்துகளுக்கும் எந்த மாநிலமும் ஒன்றியப் பிரதேசமும் இன்ன கீழ்வரம்புக்குக் குறைத்து வரி வாங்கக் கூடாது. அதற்கு மேல் எவ்வளவு வைப்பது என்பது மாநிலத்தின் உரிமை. கீழ்வரம்பு வந்தால் புதுச்சேரி முகவரியால் மிஞ்சும் தொகை சுருங்கும். தொகை சுருங்கினால் பொய் வாடகை ஒப்பந்தம் போடும் ஆசையும் சுருங்கும். புதுச்சேரியும் நாகாலாந்தும் இழக்கும் பதிவு வருமானத்தை முதல் சில ஆண்டுகளுக்கு மத்திய அரசு ஈடுசெய்ய வேண்டியிருக்கும். சிறிய பிரதேசங்களின் வருவாயை ஈடின்றிப் பறிப்பதும் அநீதிதான்.

மாநில அரசு யாரையும் எதிர்பாராமல் செய்யக்கூடியவை தனி. ஒரு லட்சத்துக்கு உட்பட்ட இரு சக்கர வாகன விகிதத்தைப் பழைய 8க்கோ அதற்குக் கீழோ இறக்கி, விரும்புவோர் வட்டியில்லாமல் ஐந்து தவணையாகக் கட்ட அனுமதிக்கலாம். காப்பீட்டை ஐந்தாண்டுக்கு எடுத்தே ஆக வேண்டியிருப்பதால் வண்டியின் தடம் அரசுக்கு ஏற்கெனவே தெரியும். மின் கார் விலக்குக்கு விலை வரம்பு வைக்கலாம். சாலையில் வண்டியை மறிப்பதற்குப் பதில், பதிவு முகவரியை வாகன் தரவோடும் காப்பீட்டு முகவரியோடும் அபராதச் சீட்டு விழுந்த இடங்களோடும் ஒப்பிட்டு, 50 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும் அலுவலகத்திலிருந்தே நோட்டீஸ் அனுப்பலாம். எல்லார் வண்டியின் நடமாட்டத்தையும் கண்காணிக்கும் கருவியாக இது மாறிவிடக் கூடாது என்பதால்தான் விலை வரம்பு. வெளிமாநிலத்தில் புதிய எண் கிடைத்த செய்தி வாகன் தரவுத்தளத்தில் ஏறிய நாளிலேயே, மிச்ச ஆண்டுகளுக்கான வரி மனுவில்லாமல் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; விதியில் ஒரு திருத்தமும், இரண்டு அலுவலகங்கள் ஏற்கெனவே பகிர்ந்துகொண்டிருக்கும் ஒரே தரவுத்தளமும் போதும்.